நாற்பத்தொரு சனிக்கிழமைகள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் பாப்பாவும் சௌக்கியம். கடையும் சௌக்கியம். உன் சௌக்கியத்தில்தான் எனக்குச் சந்தேகம், அதனால்தான் இந்தக் கடிதம்.

கடிதமா, போன் என்ன ஆயிற்று என்று கேட்பாய். போனில் நீ “ம்... சரி... எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லித் தப்பித்துவிடுகிறாய். அதையே காகிதத்தில் எழுதித் தபால்தலை ஒட்டி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும். ஆகையால் இந்த ஒரு விஷயம் மட்டும் இனி கடிதத்தில்தான்.

எந்த விஷயம் என்றும் கேட்பாய். போன வாரம் இங்கே வந்து நான்கு நாள் இருந்தாயே, சாயங்காலம் ஆனால் நீ ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சினிமாவுக்குப் போனோம். இடைவேளைக்கு முன்பே எழுந்துபோய், கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டு மீதிப் படத்தைப் பார்த்தாய். சாப்பாட்டையும் நின்றுகொண்டே முடித்தாய். ராத்திரி ஹாலில் நீ நடந்த நடைக்கு, இடி விழுந்தாலும் எழாத உன் அத்தானே எழுந்து உட்கார்ந்து, “உன் தம்பி யாரையாவது லவ் பண்றானா?” என்று கேட்டார்.

காதலாக இருந்தால் எழுது, பெண் வீட்டில் நானே பேசுகிறேன். வேறு எதுவாக இருந்தாலும் எழுது. பதினாறு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து மனிதர்களின் கண்ணை ஒரு சாண் தூரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பு ஒரு வாரத்தில் வந்ததில்லை. என்னிடம் மறைக்கலாம் என்று கனவு காணாதே. பாப்பா பிறந்த அன்று என் ரத்தமெல்லாம் போய், நீ கொடுத்த ரத்தம்தானே இன்றைக்கும் எனக்குள் ஓடுகிறது? உனக்கு ஒன்று என்றால் எனக்கு இங்கே தெரியும்.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை பாப்பாவின் பள்ளி ஆண்டு விழா. பதினொரு வயதாகியும் மேடை ஏற மாமா வர வேண்டுமாம். வந்துவிடு.

பதில் உடனே வர வேண்டும்.

உன் அக்கா

&nbsp;

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் மூவரும் நலம் என்று அறிந்ததில் சந்தோஷம். கடை நலம் என்று அறிந்ததில் அதைவிடச் சந்தோஷம். நான் இங்கே முக்கால்வாசி நலம்.

காதல் இல்லை அக்கா, கால்.

வலி என்றால் வலி என்று சொல்லிவிட்டுப் போகலாம். இது வலி இல்லை. முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள் யாரோ சோடாவைத் திறந்து ஊற்றியது போல இருக்கும். “எழுந்திரு, நட, நட” என்று கால் நச்சரிக்கும். நடந்தால் அடங்கிவிடும். உட்கார்ந்தால் மறுபடியும் ஆரம்பிக்கும். காலையில் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் நான்கு மணி ஆனால் வந்துவிடும், படுத்தால் அதன் ராஜ்யம்தான். இரண்டு வருஷமாக இருக்கிறது. நான் மாடி அறையில் நடப்பது கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கிறது என்று அவர் எனக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

வீட்டில் நடக்கலாம். நான் வேலை செய்யும் இடத்தில் எங்கே நடப்பது? பதினெட்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரே ஒரு நாற்காலி, அதுதான் கிரேன் ஓட்டுபவனின் ஆபீஸ். டிசம்பரில் ஒரு நாள் சாயங்காலம், கான்கிரீட் வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தேன். தாங்க முடியாமல் காலை உதறினேன், அந்த உதறலில் கை லேசாக அசைந்து, வாளி ஒரு ஆள் நீளத்துக்கு ஆடிவிட்டது. கீழே யாரும் இல்லை. ஆனால் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். ஜூன் கடைசிக்குள் கால் சரி என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வர வேண்டும், இல்லையென்றால் கீழே ஸ்டோரில் கம்பி எண்ணும் வேலை என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் ஒன்பது வருஷம் மேலே இருந்துவிட்டேன் அக்கா. என் ஏணியில் இன்னொருவன் ஏறுவதைக் கீழே நின்று பார்க்க என்னால் முடியாது.

மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். தெருமுனை டாக்டர் ரத்தம் பார்த்து, நன்றாக இருக்கிறது, அலுப்புதான் என்று சத்து மாத்திரை கொடுத்தார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு பிரமாதம் என்றார். மூன்றாமவர் காலுக்குப் பத்து நாள் கரண்ட் வைத்தார். ஒரு மாதச் சம்பளம் கரைந்ததுதான் மிச்சம்.

ஆண்டு விழாவுக்கு வர முடியாது. அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரு வேலை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது, தள்ளிப்போட முடியாது. பாப்பாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

அன்புடன்,
தம்பி

&nbsp;

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முக்கால்வாசி நலத்தை முழுசாக்குவது என் பொறுப்பு. கவலையை என்னிடம் கொடுத்துவிட்டு நீ கிரேனை மட்டும் பார்.

நேற்று ஒரு அம்மாள் கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போட வந்தார். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவராம். ஃப்ரேம் பார்க்கிற சாக்கில் உன் கதையைச் சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, “சாயங்காலம் வரும், நடந்தா போயிடும், அதானே?” என்றார். இது இருக்கிற வியாதிதானாம், பெயர்கூட இருக்கிறதாம், அவருக்கு வாயில் வரவில்லை. இதற்குத் தூக்க டாக்டரிடம் போக வேண்டுமாம். காலுக்குத் தூக்க டாக்டரா என்று நானும் கேட்டேன். உங்கள் கண்ணாடிக்குக் காதுதானே வேண்டும் என்று என்னையே மடக்கினார். உன் ஊரிலேயே ஒரு பெண் டாக்டர் இருக்கிறார். விலாசமும் நம்பரும் இத்துடன் இருக்கிறது. கட்டணம் கொஞ்சம் கையைக் கடிக்கும். கடிக்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை என்ன வேலை என்று நீ எழுதவில்லை. பாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அக்கா

&nbsp;

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

தூக்க டாக்டருக்குப் போன் செய்தேன். ஏப்ரல் பதினாறுக்கு முன்னால் இடம் இல்லை என்றார்கள். தூக்கம் வராதவர்கள் இந்த ஊரில் இத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அதுவரை சும்மா இருப்பானேன் என்று நானாக ஒரு காரியம் செய்தேன். திட்டாதே.

புதிதாகத் திறந்திருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் கால் நரம்புக்குத் தனி டாக்டர் இருக்கிறார் என்று போர்டு பார்த்துப் போனேன். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே போனதும் தண்ணீர் பாட்டில் இலவசம். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். இருபது நிமிஷத்தில் ஸ்கேன் எடுத்து, இரண்டு காலிலும் ரத்தக்குழாயை லேசரால் சுட்டு அடைக்க வேண்டும் என்றார்கள். என்னுடைய ஐந்து மாதச் சம்பளம். தவணையும் உண்டாம். பில் போடும் பெண், “இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா பத்து பர்சன்ட் தள்ளுபடி சார், உட்கார்ந்து கையெழுத்துப் போடுங்க” என்றாள்.

பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன் அக்கா. ஆனால் மணி ஐந்து. உட்கார முடியவில்லை. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வராந்தாவில் நடந்தேன். நடக்க நடக்கப் புத்தி வந்தது. அப்படியே லிஃப்ட் வரை நடந்து, வாசல் வரை நடந்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த இரண்டு வருஷத்தில் என் கால் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான். அவர்கள் பேனாவும் என்னிடம் வந்துவிட்டது. அதில்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்டு விழா நன்றாக நடந்ததா?

தம்பி

&nbsp;

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பேனா நன்றாக எழுதுகிறது, வைத்துக்கொள். ஸ்கேனுக்குக் கட்டிய காசு அதைவிடப் பெரிது.

திட்ட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சரி, திட்டவில்லை. தபாலில் கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன், ஏப்ரல் பதினாறாம் தேதிக்கு. திருப்பி அனுப்பினால் அப்போது திட்டுவேன்.

ஒன்று சொல்கிறேன், கேள். என் கடையில் சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருக்கிறதல்லவா, அதை வாசிக்க வரும் பத்துப் பேரில் இரண்டு பேர் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். என்னை ஏமாற்றுவதாக நினைப்பு. பார்வை நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவேன், போகிற வழியில் கதவில் முட்டிக்கொள்வார்கள். நீயும் சின்ன வயதிலிருந்தே அந்த ஜாதி. டாக்டர் கேட்டால் நல்ல மார்க் வாங்குகிற பதிலைச் சொல்லாதே. உள்ளதைச் சொல். டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு, பரிசோதனைக் காகிதம் எல்லாவற்றையும் நகல் எடுத்து எனக்கு அனுப்பு. நான் ஒரு வரி விடாமல் படிப்பேன்.

பாப்பா மேடையில் இரண்டு வரி மறந்து, தானே இரண்டு வரி சேர்த்துச் சொல்லிச் சமாளித்துவிட்டாள். கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

உன் அக்கா

&nbsp;

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை சொல்ல நிறைய இருக்கிறது.

தூக்க டாக்டர் உன்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஸ்கேன் இல்லை, லேசர் இல்லை. சாயங்கால நேரமாகப் பார்த்து வரச் சொல்லி, ஒரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார வைத்து, அசையாமல் நாற்பது நிமிஷம் இருங்கள் என்றார். அவரும் எதிரே உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்தாவது நிமிஷம் எழுந்துவிட்டேன். “போதும். இதுக்குப் பேர் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ். ஓயாத கால்னு வச்சுக்குங்க. உங்க கற்பனை இல்லை” என்றார். இரண்டு வருஷமாக அலுப்பு, மனப்பிரமை, இன்னும் என்னென்னவோ பெயரெல்லாம் கேட்டவன் நான். அந்த ஒரு வார்த்தையை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். தூக்கம் வரட்டும் என்று நான் போட்டுக்கொண்டிருந்த சளி மாத்திரையே இதைக் கிளறிவிடும் என்று அதையும் நிறுத்தச் சொன்னார்.

பிறகு ரத்தம் எடுத்தார்கள். உடம்பு இரும்புச் சத்தைத் தனியாகச் சேமித்து வைக்குமாம், சாதாரண ரத்தப் பரிசோதனையில் அந்தச் சேமிப்பு தெரியாதாம். இந்த நோய்க்காரர்களுக்கு அது எழுபத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும் என்றார். எனக்கு ஆறு.

ஆறைப் பார்த்துவிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். குடிப்பழக்கம், வயிற்று வலி, மூலம், ரத்தம் கொடுத்தது, எடுத்தது என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். முப்பத்து நான்கு வயது ஆணுக்கு இரும்பு சும்மா காணாமல் போகாது, உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது, குழாய் விட்டு மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தாக வேண்டும் என்றார். மே இருபதாம் தேதி. செலவு இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் ஆகும். காரணம் தெரியாமல் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டாராம்.

நகல்கள் இத்துடன் இருக்கின்றன. ரொம்பக் கவலைப்படாதே. எனக்கு ஒன்றும் இருக்காது என்றுதான் தோன்றுகிறது.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம் என்று எழுதி வைக்கிறேன்.

உன் காகிதங்களை நர்ஸ் அம்மாளிடம் காட்டினேன். அவர் வாயால் அந்தப் பெரிய வியாதியின் பெயரைச் சொல்லவில்லை. வயிற்றில் ரத்தம் கசிந்தால் என்னவெல்லாம் இருக்கலாம் என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் இரண்டு லென்ஸைத் தப்பாக வெட்டினேன். ஒருத்தருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன், அவர் வாசலில் படியைத் தேடிக்கொண்டு நின்றார். பதினாறு வருஷத்தில் இது முதல் தடவை.

எதுவாக இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். நான் மே பதினெட்டாம் தேதி அங்கே இருப்பேன், டிக்கெட் எடுத்தாயிற்று. கடைக்கு ஒரு வாரம் பூட்டு. லென்ஸ் தேய்க்கும் புது மெஷினுக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கிவிட்டேன், குழாய் விடும் செலவுக்கு அது போதும். பழைய மெஷின் இன்னும் இரண்டு வருஷம் கத்திக்கொண்டே ஓடும். மெஷினைப் பற்றி நீ ஒரு வரி எழுதினாலும் கிழித்துப் போடுவேன்.

ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் யாரிடமும் போய் நிற்காதே. நான் கொடுக்கிறேன். உன்னுடையதுதானே, பதினொரு வருஷம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தருகிறேன், அவ்வளவுதான்.

தைரியமாக இரு.

உன் அக்கா

&nbsp;

மே 6

அக்காவுக்கு,

நலம். நீ வர வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய். அட்வான்ஸைத் திரும்பக் கட்டி அந்த மெஷினை வாங்கு. என் வயிற்றில் ஒன்றும் இல்லை. ரத்தம் எங்கே போயிற்று என்று, டாக்டர் அந்த ஆறைக் காட்டிய நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நான் ரத்த வங்கிக்குப் போய் ரத்தம் கொடுக்கிறேன். பதினொரு வருஷமாகக் கொடுக்கிறேன். பிப்ரவரியில் கொடுத்தது நாற்பத்தொன்றாவது முறை. அங்கே விரலில் குத்தி ஒரு சொட்டைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்பார்கள். சேமிப்பு காலியாவது அந்தச் சொட்டில் தெரியாது என்று எனக்கும் தெரியாது. ரத்தம் கொடுத்ததுண்டா என்று டாக்டர் நேராகவே கேட்டார், இல்லை என்றேன். ஆமாம் என்றால் எத்தனை வருஷமாக என்பார், சீட்டில் எழுதுவார். நீ ஒரு வரி விடாமல் படிப்பாய். படித்துவிட்டு ஏன் என்பாய்.

ஏன் என்று சொல்கிறேன். பாப்பா பிறந்த அன்று நான் ரத்தம் கொடுக்கவில்லை.

அத்தான் சீட்டைக் கொடுத்து என்னைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார். படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். கையில் ரப்பர் பட்டை கட்டினார்கள். நர்ஸ் உறையிலிருந்து ஊசியை எடுத்தாள். அதைப் பார்த்ததும் பட்டையோடு எழுந்து ஓடிவிட்டேன். பஸ் ஸ்டாப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதெல்லாம் என்னால் உட்கார முடியும். மேலே நீ பிழைப்பாயா என்று யாருக்கும் தெரியாது, அது தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது அத்தான் என் கையில் இருந்த பட்டைத் தடத்தைப் பார்த்துத் தோளில் தட்டி, ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தேன். உனக்கு ஏறியது யாரோ முன்பே கொடுத்து வைத்திருந்த ரத்தம்.

நீ கண் விழித்ததும் நர்ஸிடம், “என் தம்பி குடுத்தது” என்று சொன்னாய். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. மூன்று மாதம் கழித்து நானாகப் போய்ப் படுத்தேன். ஒருமுறை கொடுத்துவிட்டால் உன்னிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் நீ ஊரெல்லாம் சொல்லியிருந்தாய். பத்து முறை ஆகட்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு அப்படியே போய்விட்டது. ஊசிப் பயம் இன்னும் போகவில்லை, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

“உன்னுடையதைத் திருப்பித் தருகிறேன்” என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாளைக்கு டாக்டரிடம் சொல்லப் போகிறேன். உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று எழுதினேன்.

தம்பி

&nbsp;

மே 13

கடிதம் கிடைத்தது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

&nbsp;

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பாப்பாவும் நலமாக இருக்கிறீர்களா? உன் ஒரு வரிக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அதில் உன் பெயர்கூட இல்லை. போன் செய்ய நான்கு முறை எடுத்தேன். இந்த விஷயம் கடிதத்தில்தான் என்று நீ சொல்லியிருப்பதால் வைத்துவிட்டேன்.

டாக்டரிடம் சொன்னேன். நாற்பத்தொன்று என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “இதை முதல்லயே சொல்லியிருந்தா எவ்வளவு நேரம் மிச்சம்” என்று கடிந்துகொண்டார். என் கால் இப்படி ஆனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும், குழாய் விடுவதை இப்போதைக்கு நிறுத்தி வைக்கலாம், இரும்பு ஏறி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். இரும்பைக் கை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அதற்கும் ஊசிதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று வாரம் ஆகிறது. சாயங்காலம் கால் இன்னும் முணுமுணுக்கிறது, முன்போல் கத்துவதில்லை. போன வாரம் ஐந்து ராத்திரி முழுசாகத் தூங்கினேன். மாடியில் சத்தமே இல்லையே, ஊரில் இல்லையா என்று கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டிக் கேட்டார். டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் பகல் வேலை மட்டும், நான்கு மணிக்கு இறங்கிவிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. சூப்பர்வைசர் படித்துவிட்டு, நாளைக்கு ஏறு என்றார். ஏறினேன் அக்கா. மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது, கண்ணாடிப் பெட்டி என்பதால் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாமல் குனிந்துகொண்டேன்.

இனி நான் ரத்தம் கொடுக்கக் கூடாதாம், இரண்டு வருஷத்துக்காவது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. காலைத் திரும்பக் கொடுத்தார்கள், ஆனால் அந்தக் கடனை அடைக்க வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

நீ திட்டியாவது ஒரு கடிதம் போடு.

தம்பி

&nbsp;

ஜூன் 23

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் அத்தானும் பாப்பாவும் நலம். நானும் இந்த ஒரு வாரமாக நலம்.

உனக்கு நான்கு கடிதம் எழுதினேன், நான்கையும் கிழித்தேன். ஒன்றில் ஓடியதற்குத் திட்டியிருந்தேன். இன்னொன்று முழுக்க அந்த ஜூஸைப் பற்றி. மூன்றாவதில், பதினொரு வருஷம் என்னை ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்க விட்டு வேடிக்கை பார்த்தாயே என்று கேட்டிருந்தேன். நான்காவதில் என்ன எழுதினேன் என்று தெரியவில்லை, மை கரைந்துவிட்டது. உன் அத்தான் உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, “அன்னைக்கு அவன் கை நடுங்கிச்சு, பலவீனம்னு நெனச்சேன்” என்று மட்டும் சொன்னார்.

கோபம் நீ ஓடியதற்காக இல்லை. இருபத்து மூன்று வயசுப் பையன், பயந்துவிட்டாய். நீ அந்தச் சனிக்கிழமைகளில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாயே, அதில் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லையே என்றுதான் கோபம். உன் முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்த்தேன் என்று பெருமை அடித்தவள் நான்.

பாப்பாவிடம் சொன்னேன். அவளுக்கும் நீ கொடுத்த ரத்தக் கதை சொல்லித்தானே வளர்த்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “மாமாவுக்கு இப்பவும் ஊசின்னா பயமா?” என்றாள். ஆமாம் என்றேன். “பயந்துக்கிட்டேவா போனாரு, அத்தனை தடவையும்?” என்றாள். ஆமாம் என்றேன். ஆண்டு விழாக் கோபம் தீர்ந்துவிட்டது, உனக்குச் சொல்லச் சொன்னாள்.

பிறகு பாப்பா பிறந்த அந்த ஆஸ்பத்திரிக்கே போனேன். அன்றைக்கு எனக்கு ஏறிய ரத்தம் யாருடையது, ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்களாம். சொல்ல நினைத்தாலும் அந்தக் காகிதங்கள் இப்போது இல்லையாம். வெளியே வந்து நின்றேன். வாசலில் ஒருத்தர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ஒருத்தர் யாருடனோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இவர்களில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் இல்லையா? இத்தனை வருஷம் உன் ஒருத்தனுக்கு நன்றி சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். இப்போது சண்டை போடுகிறவரைக்கூட முறைக்க முடியவில்லை. உன்னால் வந்த கஷ்டம் இது.

அப்புறம் யோசித்தேன். அதேபோல நாற்பத்தொரு வீட்டில் யாரோ ஒரு அக்காவோ அண்ணனோ பிழைத்து உட்கார்ந்திருக்கிறார்கள், உன்னை யாரென்று தெரியாமல். அவர்களுக்கு நீ ஓடிய கதை தெரியாது, தெரிந்தாலும் அவர்களுக்கு என்ன? கடன் கிடன் என்று இனி எழுதாதே. நீ அதை அடைத்தாயிற்று, உன்னைக் கேட்காமலே அந்தக் கணக்கை நானே முடித்துவிட்டேன். மெஷினும் வந்துவிட்டது, சத்தமே இல்லாமல் ஓடுகிறது, எனக்குத்தான் பழகவில்லை.

நான்கு மணிக்கு இறங்கிவிடு. டாக்டர் சொன்ன தேதிக்குப் போய் இரும்பைத் திரும்பப் பார். சேமிப்பு எவ்வளவு என்ற அந்த எண்ணை மட்டும் எனக்கு எழுதினால் போதும்.

உன் முறை மே மாதமே வந்து போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு வாரம் தாமதமாக, போன சனிக்கிழமை நான் போய்ப் படுத்தேன். என் இரும்பையும் முதலில் பார்த்துச் சொல்லுங்கள் என்று சண்டை போட்டுப் பார்க்க வைத்துவிட்டுத்தான் படுத்தேன், பயப்படாதே. யாருக்காகக் கொடுக்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். யாருக்கோ என்றேன். அவள் ஊசியை உறையிலிருந்து எடுத்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பாமல் நேராகவே பார்த்தேன்.

பெரிய ஊசிதான்டா தம்பி. நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன்.

உன் அக்கா